திகதி நீண்டு விழுந்தால் லேசரைத் திட்டாதீர்கள்

வலிகாமத்தில் ஒரு பழச்சாற்று ஆலையில் நெல்லிரசப் போத்தல்களுக்குக் காலாவதித் திகதி அடிக்கும் லேசரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வெறும் போத்தலை ஓடவிட்டால் எழுத்து அச்சொட்டாக விழுகிறது. நிரப்பிய போத்தல் வரிசையாக வந்தால் திகதி இழுபட்டு, 0 முட்டை வடிவில் நிற்கிறது. அதற்குள் லேசரின் வலுவைக் கூட்டிக் குறைத்து, லென்ஸையும் துடைத்துத் துடைத்து ஓய்ந்துவிட்டார்கள். பிழை லேசரில் இல்லை. பெல்ட் எவ்வளவு ஓடியது என்பதை மின்துடிப்புகளாக, அதாவது பல்ஸாக, லேசருக்குச் சொல்லும் கருவிதான் என்கோடர். அதை மோட்டர் அச்சில் பூட்டியிருந்தார்கள். பாரம் ஏறியதும் உருளையில் பெல்ட் வழுக்குகிறது. மோட்டரோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. லேசருக்குப் போத்தல் தெரியாது, அது பல்ஸை மட்டும்தான் எண்ணும். மோட்டர் சொன்ன பொய்யை அப்படியே நம்பி, ஓடாத தூரத்துக்கும் கதிரைத் தள்ளிவிட்டது.

அதனால் என்கோடர்ச் சில்லு பெல்ட்டிலேயே உருள வேண்டும். ஸ்பிரிங் வைத்து மெதுவாக அழுத்தினால் போதும். கூட அழுத்தினால் சில்லின் றப்பரும் தேயும், பேரிங்கும் கெடும். லேசர்த் தலைக்குக் கிட்டவாக, பெல்ட் துள்ளாத இடத்தில் வையுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் தூசி படிந்து சில்லு வழுக்கும், அப்போது அடிக்கடி துடைக்க வேண்டும்.

அடுத்த பிழைதான் நான் அதிகம் காண்பது: பெட்டியில் அச்சடித்திருக்கும் கணக்கை அப்படியே மென்பொருளில் போடுவது. சில்லின் சுற்றளவு 200 மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ், என்கோடர் ஏ, பி என்ற இரண்டு வயர்களில் அனுப்பும் அலைகளின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் எண்ணும் லேசர் அட்டையில் அது 4000 ஆகும். அப்படியென்றால் ஓர் எண்ணுக்கு 0.05 மில்லிமீற்றர். தாளில் சரி. பெல்ட்டில் ஒட்டுநாடாத் துண்டொன்றை ஒட்டி, சட்டத்தில் ஒரு கோடு கீறி, அளவு நாடாவால் சரியாக 2000 மில்லிமீற்றர் நகர்த்திப் பாருங்கள். 40,000 வர வேண்டும். ஒருமுறை எனக்கு 40,600 வந்தது. றப்பர் தேய்ந்து சுற்றளவு ஏறத்தாழ 197 ஆகியிருந்தது. 1.5 சதவீதம்தானே என்று விட்டால், அடித்து முடிவதற்குள் போத்தல் 60 மில்லிமீற்றர் நகரும்போது கிட்டத்தட்ட 0.9 மில்லிமீற்றர் பிசகும். 2 மில்லிமீற்றர் எழுத்துக்கு அது சின்ன விசயமல்ல. அட்டை நான்கால் பெருக்குகிறதா இல்லையா என்பதையும் இந்த அளவே காட்டிக்கொடுக்கும்.

கேடு எங்கே என்பதை எழுத்தே சொல்லும். எழுத்து ஒரே சீராக நீண்டோ குறுகியோ இருந்தால் அளவுக் கணக்கு பிழை. இழுபடுவது மிக மோசமாக இருந்தால், திசையும் தலைகீழாக இருக்கலாம். ஏ, பி வயர்களை மாற்றிக் கொழுவுங்கள். எழுத்து விட்டுவிட்டு நெளிந்தால் வழுக்கல், அல்லது அச்சைப் பிடிக்கும் இணைப்பின் ஸ்குரூ தளர்ந்திருக்கும். எழுத்து சாய்ந்து விழுந்தால் லேசர்த் தலை பெல்ட்டுக்கு நேராக இல்லை. அதை மென்பொருளில் சரிக்கட்டாமல் தலையைத் திருப்பிப் பூட்டுங்கள்.

எழுத்து வடிவாக இருந்தும், வேகத்தைக் கூட்டினால் இடம் மட்டும் மாறுகிறதா? அப்போது என்கோடரை விட்டுவிட்டு, போத்தல் வந்ததைக் கண்டு லேசருக்குச் சொல்லும் சென்சரைப் பாருங்கள். நிமிடத்துக்கு 30 மீற்றர் ஓடும் பெல்ட்டில் 1 மில்லிசெக்கன் தாமதம் என்றால் 0.5 மில்லிமீற்றர். சென்சர் கண்டதிலிருந்து அடிக்கும் இடம் வரையான தாமதத்தை மில்லிசெக்கனில் கொடுப்பதுதான் வழமையான பிழை. தூரமாகக் கொடுங்கள், வேகம் மாறினாலும் இடம் மாறாது. தெளிவான போத்தலைச் சாதாரண சென்சர் ஒருமுறை காணும், மறுமுறை காணாது. அதற்கென்று வருவதைப் போடுங்கள். அப்புறம், இன்னொன்று: என்கோடர் அளப்பது பெல்ட்டை. வழிகாட்டித் தண்டில் உரசிப் போத்தல் பின்தங்கினால் எந்தக் கணக்கும் உதவாது.

வயரிலும் கவனம் வேண்டும். என்கோடரின் 24 வோல்ட் வெளியீட்டை 5 வோல்ட் அட்டையில் கொழுவி அட்டையை எரித்தவர்கள் இருக்கிறார்கள். மோட்டரின் வேகம் மாற்றும் கருவிக்குப் போகும் வயரோடு சேர்த்துக் கட்டினால் இல்லாத பல்ஸும் எண்ணப்படும். கவசமுள்ள வயரைத் தனி வழியில் கொண்டுபோங்கள்.

சோதிக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்க்காதீர்கள். இந்த வேலைக்கு வரும் கார்பன் டையொக்சைட், ஃபைபர் என்ற இரண்டு வகை லேசரின் கதிரும் கண்ணுக்குத் தெரியாது. கார்பன் டையொக்சைட் லேசருக்குப் பயன்படும் தெளிவான பிளாஸ்டிக் மறைப்பு, ஃபைபர் லேசரின் கதிரைத் தடுக்காது.

எல்லாம் சரிவந்த அன்று எண்ணொன்றுக்கான தூரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் எழுதி, அன்று அடித்த போத்தல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். சில்லு மாற்றினால் திரும்ப 2000 மில்லிமீற்றரும் அளக்க வேண்டும்.