மேற்குக் கென்யாவில் மிஷன் பயிற்சி ஊழியம்: அன்றாட வாழ்க்கைக்கு ஒரு வழிகாட்டி

கிசுமு, காக்கமேகா, விஹிகா பக்கத்துச் சபைகளில் சில மாதங்கள் பயிற்சி ஊழியராகத் தங்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறோம். அந்தப் பகுதிக்குச் சுவிசேஷம் புதிதில்லை. க்வேக்கர் மிஷனரிகள் 1902-இல் கைமோசிக்கு வந்தார்கள். சர்ச் மிஷனரி சொசைட்டியார் 1906-இல் மசேனோவில் பள்ளி தொடங்கினார்கள். நீங்கள் தங்கப்போகும் வீட்டு அம்மாவின் பாட்டியே சபையில் வளர்ந்தவராக இருக்கக்கூடும். எனவே அந்த வீட்டுக்கும் சபைக்கும் பாரமாகாமல் வாழப் பழகுவதுதான் உங்கள் முதல் ஊழியம். பயிற்சியாளர் காய்ச்சலில் விழுந்தால், போதகரும் அவர் மனைவியும் ஒரு வாரம் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவரைக் கவனிக்க வேண்டியிருக்கும். கீழே சொல்லும் சின்னச் சின்ன விஷயங்களையெல்லாம் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

கிளம்பும் முன்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அந்த 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இது முட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிக்கும் மருந்து. போகும்போது யாரும் கேட்காவிட்டாலும், திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் இந்தச் சான்றிதழ் இல்லாமல் வந்தால் தனிமைப்படுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

2024 ஜனவரி முதல் கென்யாவில் நுழைய இணையவழி முன் அனுமதி வாங்க வேண்டும். அது வந்து பார்த்துப் போவதற்கான அனுமதி மட்டுமே. சபையில் ஊழியம் செய்ய, சம்பளமே இல்லாவிட்டாலும், குறுகிய காலத்துக்கு ‘ஸ்பெஷல் பாஸ்’ தேவை; நீண்ட காலத்துக்கு மத, தொண்டு ஊழியர்களுக்கான ‘ஐ’ வகுப்பு அனுமதி தேவை. இவற்றுக்கு உங்களை அழைக்கும் சபைதான் விண்ணப்பிக்கும். ‘சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு வந்துவிடு, பிறகு பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாட்டினால் அபராதமும் வழக்கும் உள்ளூர்ப் போதகர் தலையிலும் விழும். 90 நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் வெளிநாட்டவர் பதிவும் செய்ய வேண்டும்.

பெட்டியில் துணிப்பை வையுங்கள். 2017 ஆகஸ்ட் முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. மின்சாரம் கிட்டத்தட்ட நம் ஊர் போலவே, 240 வோல்ட். ஆனால் பிளக் பிரிட்டிஷ் முறையில் மூன்று சதுரக் கால் கொண்டது, அதற்கு அடாப்டர் வேண்டும். தலையில் மாட்டும் டார்ச் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பூமத்திய ரேகை மசேனோ வழியாகவே போவதால், வருடம் முழுக்க ஏறக்குறைய மாலை 6.45-க்குப் பொழுது சாய்ந்துவிடும். சாய்ந்த அரை மணி நேரத்தில் நல்ல இருட்டு. கழிப்பறை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் இருக்கும்.

மலேரியா: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

விக்டோரியா ஏரியைச் சுற்றிய மாவட்டங்களில்தான் கென்யாவிலேயே மலேரியா அதிகம். தடுப்பு மாத்திரை மூன்று வகை, ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. அடோவாகுவோன்-புரோகுவானில் தினம் ஒன்று. கிளம்ப ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் 7 நாள் வரை. டாக்சிசைக்ளின் தினம் ஒன்று. அதுவும் ஓரிரு நாள் முன் தொடங்க வேண்டும், ஆனால் திரும்பிய பின் 4 வாரம் தொடர வேண்டும். மெஃப்ளோகுயின் வாரம் ஒன்று. குறைந்தது 2 வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பின் 4 வாரம். மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் ஆகாது. எது உங்களுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

விலை குறைவு என்று பலர் டாக்சிசைக்ளின் எடுப்பார்கள். அதை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே தூங்கினால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே வலிக்கும். பால், இரும்புச்சத்து மாத்திரை இவற்றோடு சேர்த்து எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. கென்யத் தேநீர் பாலில் கொதித்தது என்பதால் காலைச் சாயாவோடு இதைப் போடாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்கப் போவதற்கு வெகு முன்னால் எடுப்பது வசதி. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும் என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

மாத்திரை எடுத்தாலும் கொசுவலை கட்டாயம். இருட்டும் முன்பே விரித்து மெத்தைக்கு அடியில் செருகுங்கள். ஓட்டை கண்டால் அன்றே ஊசி நூலால் தையுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே கிளினிக்கில் விரல்நுனி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ‘பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம், ஞாயிறு ஆராதனை முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ஆர்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் கொடுத்தால் மூன்று நாள் முழுக் கணக்கையும், கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு முடியுங்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டதென்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

ஏரியில் குளிக்காதீர்கள், காலைக்கூட நனைக்காதீர்கள். அங்குள்ள நத்தைகளிலிருந்து வெளிவரும் புழு தோல் வழியாகவே உடம்புக்குள் போய் பில்ஹார்சியா நோயைத் தரும். மண் தரையில் வெறுங்காலோடு நடந்தால் ஜிகர் என்னும் தெள்ளுப்பூச்சி கால்நகத்தோரம் புகுந்துகொள்ளும். வெள்ளை வட்டத்துக்குள் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், அரிக்கும். ஊக்கால் தோண்டாமல் கிளினிக்கில் எடுத்துவிடுங்கள். கென்யாவுக்குக் கிளம்பும் முன் டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது இதற்காகவும்தான்.

தண்ணீரும் அடுப்பும்

குடிதண்ணீரைத் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். எல்டோரெட் போல 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்பதால் 3 நிமிடம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். கொதித்த தண்ணீரை மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, ஊற்றிக் குடியுங்கள். டம்ளரை உள்ளே விட்டு மொண்டால் கொதிக்க வைத்ததே வீண்.

தண்ணீர் 20 லிட்டர் மஞ்சள் ஜெரிக்கேனில் யாரோ சுமந்து வந்தது. ஒரு குளியலுக்கு அரை பேசின் போதும் என்று பழகுங்கள். வீட்டுப் பிள்ளைகள் உங்கள் துணிக்காக நீர் சுமக்க விடாதீர்கள். நீங்களே ஊற்றுக்குப் போய் வாருங்கள். போகிற வழியில் கிடைக்கும் பழக்கம் எந்த வீட்டுச் சந்திப்பிலும் கிடைக்காது.

கரி அடுப்பை, அதாவது ஜிகோவை, வெளியில் பற்ற வைத்து, கரி முழுவதும் சிவந்து புகை அடங்கிய பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். குளிருக்காக மூடிய அறையில் ஜிகோவை வைத்துக்கொண்டு தூங்குவது உயிரைப் பறிக்கும்: வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வரும்.

உகாலி என்னும் மக்காச்சோளக் களி செய்யக் கற்றுக்கொண்டு வாரம் ஒரு நாள் அடுப்படியில் நில்லுங்கள். இரண்டு மூன்று பேருக்கு 4 கப் தண்ணீர், 2 முதல் 2½ கப் வெள்ளை மக்காச்சோள மாவு. தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் ஒரு கைப்பிடி மாவைத் தூவிக் கஞ்சியாக்குங்கள். பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ம்விகோ என்னும் தட்டைக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்டுங்கள். மொத்த மாவையும் ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே வேகாத கட்டி நிற்கும். தீயைக் குறைத்து மேலும் 8, 10 நிமிடம் புரட்டினால் மாவு ஓரத்தை விட்டு விலகிப் பச்சை வாசனை போகும். வெங்காயம், தக்காளி வதக்கி, மெலிதாக அரிந்த சுகுமா விக்கி கீரையைச் சேர்த்தால் தொட்டுக்கொள்ளத் தயார்.

சாப்பாட்டுக்கு முன் வீட்டில் ஒருவர் செம்பும் பேசினும் கொண்டுவந்து வெந்நீர் ஊற்றுவார். கையை நீட்டிக் கழுவுங்கள். பிறகு ஜெபம். சாயாவை ‘வேண்டாம்’ என்று சொல்வது மனத்தை நோகடிக்கும். பாதிக் கோப்பை கேளுங்கள். காக்கமேகா, விஹிகா பக்கத்து லூயா இனக் குடும்பங்களில் கோழியின் இரைப்பை வீட்டுத் தலைவருக்கோ மதிப்புக்குரிய விருந்தினருக்கோ உரியது. நீங்களாக எடுத்துவிடாதீர்கள், உங்கள் தட்டில் வைத்தால் நன்றியோடு சாப்பிடுங்கள்.

வணக்கமும் மணிக்கணக்கும்

விஷயத்துக்கு நேராக வருவது அங்கே மரியாதைக் குறைவு. கடையில் தக்காளி வாங்கினாலும் ‘ஹபாரி’ என்று நலம் கேட்டுவிட்டே விலை கேட்க வேண்டும். வீட்டு வாசலில் ‘ஹோடி’ என்று குரல் கொடுத்து, ‘கரிபு’ என்ற பதில் வந்த பிறகு உள்ளே போங்கள். கிசுமு பக்கம் லூவோ மொழியில் காலையில் ‘ஓயாவோரே’, நன்றிக்கு ‘எரோகமானோ’, லூயாக்களிடம் வணக்கத்துக்கு ‘முலெம்பே’. சபையில் பேச எழுந்தால் முதல் வார்த்தை ‘ப்வானா அசிஃபிவே’, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அதற்கு எல்லாரும் ‘ஆமென்’ சொல்வார்கள். இதைச் சொல்லாமல் தொடங்கினால் சபை உங்களோடு ஒட்டாது.

ஸ்வாஹிலி மணி நம் கடிகாரத்திலிருந்து 6 மணி நேரம் தள்ளியது. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள். ‘சா ம்பிலி’, அதாவது இரண்டு மணி என்றால் நமக்குக் காலை 8. ஆங்கிலத்தில் சொன்னால் வழக்கமான மணிதான். ஸ்வாஹிலியில் கேட்ட நேரத்தை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் முடிந்த பிறகு போய் நிற்பீர்கள். வீட்டோடு பேசுவதற்கு: கென்யா நமக்கு 2½ மணி நேரம் பின்னால். அங்கே மாலை 7 என்றால் இங்கே இரவு 9.30.

பணம், பயணம்

காய்கறிக் கடை முதல் காணிக்கை வரை எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவையில்தான் நடக்கும். சிம் வாங்க அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரைப் படித்த பிறகே உறுதி செய்யுங்கள். தவறிப் போனால், பணம் அனுப்பியதாக வரும் செய்தியை 456 எண்ணுக்கு அனுப்பி மீட்கக் கேட்கலாம். ‘தவறுதலாக உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்’ என்று யாராவது அழைத்தால் முதலில் இருப்பைப் பாருங்கள். பெரும்பாலும் பணமே வந்திருக்காது. உண்மையாகவே வந்திருந்தாலும், அவரையே 456 வழியாக மீட்கச் சொல்லுங்கள்.

பள்ளிக் கட்டணம், மருந்து, கைபேசி என்று உதவி கேட்பார்கள். தேவை உண்மையாகவே இருக்கும், மறுப்பது வலிக்கும். இருந்தாலும் தனியாகக் கொடுக்காமல் சபைக் குழுவின் வழியாகவே கொடுங்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்து இன்னொரு வீட்டுக்குக் கொடுக்காததால் வரும் மனக்கசப்பு நீங்கள் போன பிறகும் போதகரோடு இருக்கும்.

மட்டாட்டு என்னும் பயணிகள் வேனில் ஏறும் முன்பே கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தால் ஏறிவிடும். இறங்க ‘ஷுஷா ஹாபா’. போடா போடா என்னும் வாடகை பைக்கில் தலைக்கவசம் இல்லாமல் ஏறவே வேண்டாம். இருட்டிய பின் பயணம் வேண்டாம்.

ஞாயிறும் பிள்ளைகளும்

பேச 20 நிமிடம் கொடுத்தால், மொழிபெயர்ப்போடு உங்களுக்குக் கிடைப்பது 10. பாதியைத் தயாரியுங்கள். வசன எண்களையும் கடினமான சொற்களையும் முந்தின இரவே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். வாக்கியத்தை முழுதாக முடித்து நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினால் ஸ்வாஹிலியில் தொடங்கவே அவரால் முடியாது. நம் ஊர்ப் பழமொழி, சினிமா உதாரணம் எதுவும் அங்கே எடுபடாது. மண், மழை, மாடு, விதைப்பு நன்றாக எடுபடும்.

காணிக்கையாக முட்டையும் வாழைத்தாரும் கோழியும் வரும்; ஆராதனை முடிவில் ஏலம் விடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்தவர்களுக்கு இது பழகியதுதான். ஒன்றையாவது ஏலம் கேளுங்கள், ஆனால் விலையை ஏற்றிவிட்டு உள்ளூர்க்காரர் வாங்க முடியாதபடி செய்யாதீர்கள்.

எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படி இருங்கள். பிள்ளையின் முகம், பெயர், பள்ளி மூன்றும் சேர்ந்த படத்தை ஜெபக்கடிதத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். பெற்றோரின் சம்மதம் கேளுங்கள். அப்போதும் நோயையும் வறுமையையும் காட்டும் படம் வேண்டாம். உங்கள் தாய் அந்த நிலையில் இருந்தால் எந்தப் படத்தைப் போட அனுமதிப்பீர்களோ அதை மட்டும் போடுங்கள்.

திரும்பிய பின்

மலேரியா மாத்திரையை அந்தந்தக் கணக்குப்படி கடைசி நாள் வரை முடியுங்கள். வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் பலர் இங்கேதான் விடுகிறார்கள். அடுத்த சில மாதங்களில் காய்ச்சல் வந்தால், டெங்குவா டைபாய்டா என்று மருத்துவர் தேடத் தொடங்கும் முன்பே கென்யாவில் இருந்து வந்ததைச் சொல்லி மலேரியா பரிசோதனை கேளுங்கள். ஏரி நீரில் ஒரு முறையாவது கால் நனைந்திருந்தால் பில்ஹார்சியாவுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.