லைட்ரூமுக்கு மாதா மாதம் காசு கட்டலாமா? வட சென்னை கேமராக்காரர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேடு ஏலத்துக்குப் போனால் மீன் வாங்க வந்தவர்களுக்கு நடுவே கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் நிற்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்: படங்களைத் திருத்தி அடுக்கும் மென்பொருளான அடோபி கம்பெனியின் லைட்ரூமுக்குச் சந்தா எடுக்கலாமா, இலவசமாக ஏதாவது போட்டுக்கொண்டு சமாளிக்கலாமா? விலை எவ்வளவு என்றுதான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, நாளைக்கே பணம் கட்டுவதை நிறுத்தினால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான். தண்டையார்பேட்டையில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் எப்படித் திரும்ப வரும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்காமல் சாவி வாங்குவோமா? மென்பொருள் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஓகே அழுத்திவிடுகிறோம்.

யாருக்குத் தேவையில்லை என்பதை முதலில் முடித்துவிடலாம். போனில் மட்டும் படமெடுத்து இன்ஸ்டாவில் போடுகிறவர் என்றால் ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலி போதும், லைட்ரூமின் மொபைல் செயலியிலேயே அடிப்படைத் திருத்தங்கள் இலவசமாக இருக்கின்றன. சந்தா பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வீட்டுப் பழைய படங்களை, அதாவது தாத்தா மில் வேலைக்குப் போன காலத்துப் படம், அத்தை கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒழுங்குபடுத்த நினைப்பவருக்கும் தேவையில்லை. டிஜிகேம் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. முகங்களை அடையாளம் கண்டு பெயரிடும், குறிச்சொல் போடும், தேதி திருத்தும். பார்க்க அழகாக இருக்காது, பழகச் சில நாள் ஆகும், ஆனால் இந்த வேலைக்கு அதைவிட அதிகம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மிச்சம் இருப்பவர்கள் ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்ததைக் கேமரா மெருகேற்றாமல் வைக்கும் ஃபைலில் எடுப்பவர்கள்: தெருவிலும் கடற்கரையிலும் ஆர்வத்துக்கு எடுக்கிறவர்கள், கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று காசுக்கு எடுக்கிறவர்கள். இவர்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. லைட்ரூம் 2007-இல் வந்தபோது ஒருமுறை காசு கொடுத்தால் உங்களுடையது. 2015-இல் வந்த லைட்ரூம் 6-தான் அப்படி விற்ற கடைசிப் பதிப்பு. 2017-க்குப் பிறகு முழுக்கச் சந்தாதான், அதையும் கிளாசிக் என்றும் வெறும் லைட்ரூம் என்றும் இரண்டாகப் பிரித்தார்கள். கிளாசிக்கில் படங்கள் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும், மற்றது மேகச் சேமிப்பை நம்பி நடப்பது. சரி, பழைய லைட்ரூம் 6 வைத்திருப்பவர் அதையே ஓட்டலாமே என்றால், 2017-க்குப் பிறகு வந்த கேமராக்களின் ரா ஃபைல்களை அது நேரடியாகத் திறக்காது. புது கேமரா வாங்கினால் ஒவ்வொரு படத்தையும் டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றித்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். இதற்காக இலவசம்தான் பாதுகாப்பு என்றும் நினைத்துவிடாதீர்கள். படங்களை அடுக்க இலவசமாகக் கொடுத்த பிகாசாவைக் கூகுள் 2016-இல் மூடியது. ஆப்பிளின் அபெர்ச்சர் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள், அதையும் 2014-இல் கைவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். எந்த மென்பொருளும் ஒருநாள் போகும் என்று வைத்துக்கொண்டே உங்கள் படங்களை அடுக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த மென்பொருள்கள் இரண்டு வேலை செய்கின்றன: ஒன்று எடிட்டிங், இன்னொன்று ஒழுங்குபடுத்தல். எல்லோரும் எடிட்டிங்கைப் பார்த்து மயங்கிச் சந்தா எடுக்கிறார்கள், ஆனால் வெளியே வர விடாமல் பிடித்து வைப்பது ஒழுங்குபடுத்தல்தான். ஐந்து வருடமாக நீங்கள் போட்ட நட்சத்திரம், குறிச்சொல், கலெக்‌ஷன் (படத் தொகுப்பு) எல்லாம் கேட்டலாக் என்ற ஒரே ஃபைலுக்குள் உட்கார்ந்திருக்கும், அதை வேறு மென்பொருளில் அப்படியே திறக்க முடியாது. ஆகவே சந்தா எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒழுங்கை மென்பொருளுக்கு வெளியே வையுங்கள். ஃபோல்டர் பெயரிலேயே ஆண்டு, மாதம், தேதி, இடம், நிகழ்ச்சி இருக்கட்டும்: 2025-02-14-ராயபுரம்-வளைகாப்பு என்பது போல. எந்தக் கணினியிலும் தேதி வரிசையில் தானாக நிற்கும்.

கிளாசிக் பயன்படுத்துகிறவர்கள் கேட்டலாக் செட்டிங்கில் போய், மாற்றங்களை எக்ஸ்எம்பி ஃபைலில் தானாக எழுதும் வசதியை ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு ரா படத்துக்குப் பக்கத்திலும் ஒரு குட்டி ஃபைல் உருவாகி, நட்சத்திரமும் குறிச்சொல்லும் அதில் ஏறிவிடும், வேறு மென்பொருள்கள் அதைப் படிக்கும். ஆனால் கலெக்‌ஷன், விர்ச்சுவல் காப்பி (ஒரே படத்தின் இன்னொரு எடிட்) இரண்டும் எக்ஸ்எம்பியில் ஏறாது, கொடியையும் வேறு மென்பொருள்கள் படிக்கும் என்று நம்ப முடியாது. கொடி குத்தித்தான் படம் தேர்ந்தெடுப்பேன் என்கிறவர்கள் நட்சத்திரத்துக்கு மாறிக்கொள்வது நல்லது. வண்ணம், வெளிச்சம் என்று நீங்கள் செய்த திருத்தங்களும் எக்ஸ்எம்பியில் எழுதப்படும், ஆனால் இன்னொரு மென்பொருளில் அதே தோற்றம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முடித்த வேலையை முழு அளவு ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து அதே ஃபோல்டரில் போட்டு வைத்துவிடுங்கள்.

சந்தா நின்றால் என்ன நடக்கும்? கிளாசிக் பூட்டிக்கொள்ளாது. திறக்கும், தேடலாம், ஏற்கெனவே செய்த திருத்தங்களோடு எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். படத்தைத் திருத்தும் டெவலப், எடுத்த இடத்தை வரைபடத்தில் காட்டும் மேப் என்ற இரண்டு பகுதிகளும் வேலை செய்யாது. இந்த விஷயத்தில் அடோபியைக் குறை சொல்ல மாட்டேன், நியாயமாகத்தான் இருக்கிறது. மேகத்தில் இருக்கும் மூலப் படங்களை ஒரு வருடம் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள், அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும்.

இறக்குவது, ஏற்றுவது என்றதும் கணக்கு ஒன்று போடுங்கள். 24 மெகாபிக்சல் ரா ஒன்று சுமார் 30 எம்பி என்று வைத்தால், ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் என்பது 60 ஜிபி. 20 எம்பிபிஎஸ் அப்லோடு கிடைக்கும் இணைப்பில் அது ஏற ஏழு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும், தினம் 2 ஜிபி மொபைல் பேக்கை நம்பினால் ஒரு மாதம். ஒரு டிபி மேகச் சேமிப்பு பதினாறு கல்யாணத்தில் நிரம்பிவிடும். ஆக, காசுக்கு எடுக்கிறவர்களுக்கு மேகம் முழு காப்பி வைக்கும் இடம் அல்ல, தேர்ந்தெடுத்த படங்களுக்கு மட்டும்தான்.

அதற்காக மேகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தோம். தரைத்தளத்தில், மேசைக்குக் கீழே இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை மட்டும் நம்புகிறவர்கள் சந்தாவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இரண்டாவது டிஸ்க் வாங்கட்டும், அதைப் பெரம்பூரிலோ வேறு எங்கோ மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வைக்கட்டும். இது எந்த மென்பொருளைவிடவும் முந்திய செலவு.

அப்புறம் எடிட்டிங். கேமரா வாங்கியவர்களுக்கு அந்தக் கம்பெனியே இலவசமாக ஒன்று கொடுக்கிறது: நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபெஷனல், சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கேமரா திரையில் பார்த்த நிறம் அப்படியே வரும். வேகம் மட்டும் சுமார்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் டார்க்டேபிள், ரா தெரபி என்ற இலவச மென்பொருள்கள். டார்க்டேபிள் உண்மையிலேயே பலமான கருவி, ஆனால் முதல் வாரம் உங்களை அழவைக்கும். ஒரே வேலைக்கு நான்கு வழி இருக்கும், எது சரி என்று அது சொல்லாது. பொறுமை இருக்கிற ஆர்வலர் அதிலேயே நின்றுவிடலாம். ஒருமுறை மட்டும் காசு கட்டுவேன் என்கிறவர்கள் டிஎக்ஸ்ஓ போட்டோலேப், கேப்சர் ஒன் இவற்றின் நிரந்தர லைசென்ஸைப் பார்க்கலாம். விலை கூடுதல், பெரிய அப்டேட்டுக்கு மறுபடி கட்ட வேண்டும்.

லைட்ரூமுக்குக் காசு கொடுக்க நியாயமான காரணம் என்று நான் நினைப்பது இரண்டுதான். ஒன்று, 2023-இல் வந்த, படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலை நீக்கும் ஏஐ டீநாய்ஸ். விளக்கு மங்கலான மண்டபம், இருட்டு விலகாத துறைமுகம், இங்கெல்லாம் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 6400-க்கு மேல் ஏற்றி எடுத்த படங்களைக் காப்பாற்றுகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, முகத்தையோ பின்னணியையோ ஒரே அழுத்தில் பிரித்து, அதை நூறு படத்துக்குப் பரப்புவது. ஆல்பம் டிசைனருக்கு வாரக்கடைசிக்குள் படம் கொடுக்க வேண்டியவருக்கு அந்த நேரம் காசுதான். மாதம் ஒருமுறை எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவருக்கு அவ்வளவு அவசரம் ஒன்றும் இல்லை.

விலையை மாதக் கணக்கில் பார்க்காதீர்கள், மூன்று வருடத்துக்குப் போடுங்கள். மாதம் 800 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 36 மாதத்தில் 28,800 ரூபாய். காட்டும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வரும் என்றால் உங்கள் படத்துக்கு எது அதிகம் உதவும் என்று நீங்களே சொல்லுங்கள். சிஸ்டத்தோடு போட்டுத் தரும் கிராக் (திருட்டு) காப்பியைப் பற்றி ஒரே வரி: வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் படங்கள் இருக்கும் கணினியில் யார் எழுதியது என்றே தெரியாத புரோகிராமை ஓடவிடாதீர்கள்.

கடைசியாக ஒப்பந்தம். மாதா மாதம் கட்டுவதாகத் தெரியும் பல திட்டங்கள் உண்மையில் ஒரு வருட ஒப்பந்தம். அடோபியில் 14 நாளுக்குள் விட்டால் முழுப் பணமும் திரும்பும், அதற்குப் பிறகு விட்டால் மீதி மாதங்களுக்கான தொகையில் பொதுவாகப் பாதியைக் கட்டச் சொல்வார்கள். மேலே சொன்ன 800 ரூபாய்க் கணக்கில் மூன்றாம் மாதம் வெளியே வந்தால் 3,600 ரூபாய். இந்தக் கட்டணத்தைச் சரியாக வெளிக்காட்டவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசின் வணிக ஆணையம் பரிந்துரைத்து, அந்த நாட்டு நீதித்துறை வழக்கே போட்டது. வருடம் முழுக்கக் கட்டுகிறோம், ஆனால் வேலை வருடம் முழுக்க இல்லை: ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தவக்காலத்தில் ராயபுரம் சர்ச் கல்யாணங்களும் குறைவு. மாதத்துக்கு மாதம் விட்டுப் பிடிக்கும் திட்டம் கிடைத்தால், மாத விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சீசன் மாதங்களை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஏழு நாள் இலவச ட்ரையல் எடுக்கும்போது நன்றாக வந்த பத்துப் படத்தை எடிட் செய்து மகிழாமல், உங்களிடம் இருப்பதிலேயே மோசமான ஒரு நிகழ்ச்சியை முழுதாக உள்ளே கொண்டுவந்து, தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் வரை ஓட்டிப் பாருங்கள், அதே ஃபோல்டரை டார்க்டேபிளிலும் ஓட்டி எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ட்ரையல் முடிந்ததும் பணம் தானாகப் போக ஆரம்பித்துவிடும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கி எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, 15,000 ரூபாய்க்குள் என்றால் ஓடிபி கேட்காது. அந்த அறிவிப்பு விளம்பரங்களுக்கு நடுவே புதைந்துவிடும், அதனால் ஐந்தாம் நாளுக்கே போனில் அலாரம் வையுங்கள்.