போனைக் கவிழ்த்து வைத்தால் போதுமா?

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு என்றால், பாளையங்கோட்டையோ பேட்டையோ, பொழுது சாய்ந்ததும் ஒரே சத்தம்தான்: "ஏலே, போனை வச்சிட்டுப் படிலே." அவனும் வைக்கிறான், புத்தகத்துக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து. தவறு அங்கேதான் தொடங்குகிறது. 2017-இல் வெளியான டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வில், போனை மேஜையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் விட்டுவந்தவர்கள் கவனச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். (பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை.) எடுக்கக் கூடாது என்று மனசை இழுத்துப் பிடிப்பதும் ஒரு வேலைதானே. பிள்ளை பட்டாசலில் படித்தால் போன் அடுக்களையில் சார்ஜில் கிடக்கட்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை, 'சந்தேகம் பார்க்க' போனை எடுப்பது. பாதிக் கணக்கில் சூத்திரம் மறந்துபோகும். யூடியூபில் விளக்கம் நாலு நிமிஷம், அதை ஒட்டி ஷார்ட்ஸ் அரை மணி நேரம். திரும்பி வந்தால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து, சந்தேகங்களை அதில் குறித்துக்கொண்டே போகட்டும். 40 நிமிஷம் கழித்து மொத்தமாகப் பார்க்கலாம். பாதி சந்தேகம் அதற்குள் புத்தகத்திலேயே தீர்ந்திருக்கும். வீடியோ பார்த்ததைப் படித்ததாகக் கணக்கு வைப்பதும் தப்பு; போனை மூடிவிட்டு அதிலிருந்து ஐந்து வரி எழுத வருகிறதா என்று பாருங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவை ஆறரைக்கு ஒருமுறை பார்த்து, வீட்டுப்பாடத்தை நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்.

அலாரத்துக்கென்று போனைத் தலைமாட்டில் வைக்க வேண்டாம், சின்ன கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். டியூஷனுக்காக முன்னீர்பள்ளத்தில் ஐந்து மணிக்கு எழுகிற பிள்ளை ஒன்பதுக்குப் படுத்தால்தான் எட்டு மணி நேரமாவது தேறும்.

பெற்றோர் செய்கிற தவறு, ஒரே நாளில் பிடுங்கிப் பீரோவில் பூட்டுவது. ஆசையை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். பூட்டினால் ஆசையை அடக்கும் பழக்கம் வராது. பரீட்சை முடிந்த அன்றே விட்டதைப் பிடிப்பான். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' திறந்து ஒரு வாரம் போன் பார்த்த நேரக் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். தினம் நாலு மணி நேரம் என்றால் ஒவ்வொரு வாரமும் அந்தத் தினக் கணக்கில் அரை மணி குறைத்து, அந்தந்த ஆப்புக்கு டைமர் போடுங்கள். அதைப் பிள்ளையே நீக்கிவிட முடியும். நீக்கினால் உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. அப்பா தார்சாவில் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் இது எதுவும் எடுபடாது.

போன் இல்லாவிட்டால் சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விடுகிற அளவுக்குப் போனால், திட்டிப் பலனில்லை. 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.