சீனாவுல ஹோஸ்ட் ஃபேமிலி வீட்டுல தங்கறது எப்படி: நான் சொதப்புன வரிசையிலயே ஒரு செய்முறை

கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச்ல போய் சிச்சுவான் மாகாணத்து செங்டூவுல ஒரு குடும்பத்தோட ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தேன். வீசா, டிக்கெட் கதையெல்லாம் இங்க இல்ல, அத உங்க புரோகிராம்காரங்க பார்த்துப்பாங்க.

ஸ்டெப் 1: போன்

கிளம்பறதுக்கு முன்னாடியே நம்ம ஊர் சிம்ல இன்டர்நேஷனல் ரோமிங் போட்டுடுங்க. அங்க வீட்டு வைஃபைல கூகுள், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் வராது, சீனாவுல அதெல்லாம் தடை. விபிஎன் (தடையத் தாண்டி நெட் பார்க்க வைக்கற ஆப்) போட்டுக்கோன்னு ஆளாளுக்கு சொல்வாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, அவசரத்துக்குத்தான் அது கழுத்தறுக்கும். ரோமிங் டேட்டா நம்ம ஊர் நெட்வொர்க் வழியா சுத்தி வர்றதால வாட்ஸ்அப் ஓடும், பேங்க் ஓடிபியும் வந்துடும்.

வீசாட் (அங்க எல்லாரும் வச்சிருக்கற சாட் ஆப்) இந்தியாவுல 2020 ஜூன்லயே தடை பண்ணிட்டாங்க, அதனால அங்க இறங்கி, பாஸ்போர்ட் காட்டி லோக்கல் சிம் வாங்கி, அந்த நம்பர்ல ஓபன் பண்ணுங்க. ஏற்கனவே அக்கவுண்ட் வச்சிருக்கவங்க ஒருத்தர் க்யூஆர் ஸ்கேன் பண்ணி உங்களுக்கு சாட்சி சொல்லணும்னு கேக்கும், வீட்டுப் பொண்ணு பண்ணிக் குடுத்துடுச்சு. பணம் கட்ட அங்க இருக்கற அலிபே ஆப்ல நம்ம பேங்க் வீசா கார்ட சேர்த்துக்கலாம், ஒரு பில் 200 யுவானைத் தாண்டினா 3% புடுங்கிக்கும், பார்த்துக்கோங்க.

ஸ்டெப் 2: போலீஸ் ஸ்டேஷன் (இதத் தாண்டிக் குதிக்காதீங்க)

ஹோட்டல்ல தங்கினா அவங்களே பதிஞ்சுடுவாங்க. வீட்டுல தங்கினா, வந்து 24 மணி நேரத்துக்குள்ள நாமளும் வீட்டுக்காரங்களும் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல பதியணும், சட்டம் அது. நான் வெள்ளிக்கிழமை ராத்திரி போய் இறங்கினேன், சனிக்கிழமை பாண்டா பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க, ஞாயித்துக்கிழமை தூங்கினேன், திங்கக்கிழமை கோ-ஆர்டினேட்டர் போன் பண்ணி "பதிஞ்ச பேப்பர் எங்க?"ன்னு கேக்கறாங்க. எந்தப் பேப்பர்? வீட்டம்மாவுக்கும் தெரியல, வெளிநாட்டு ஆளு அந்த வீட்டுல தங்கறது அதான் முதல் தடவை.

ரெண்டு பேரும் ஓடினோம். லேட்டானா எச்சரிக்கை, கூடவே 2000 யுவான் வரைக்கும் அபராதம் போடலாம்னு சட்டத்துலயே இருக்கு. என்னை எச்சரிக்கையோட விட்டுட்டாங்க, ஆனா அந்தம்மா போலீஸ்காரர் முன்னாடி தலையக் குனிஞ்சு நின்னதுதான் எனக்குத் தாங்கல, தப்பு என்னோடதுன்னு சொல்லக்கூட அப்ப எனக்கு பாஷை தெரியாது.

எடுத்துட்டுப் போக வேண்டியது: உங்க பாஸ்போர்ட் (வீசா பக்கம், என்ட்ரி முத்திரை பக்கம்), வீட்டுக்காரங்க ஐடி கார்டு, வீட்டுப் பத்திரம் இல்லன்னா வாடகை அக்ரிமெண்ட். அட்ரஸ சீன எழுத்துல போட்டோவா போன்ல வச்சுக்கோங்க. காம்பவுண்டு பேரு, பில்டிங் நம்பர், யூனிட் நம்பர், கதவு நம்பர்னு நீண்டுகிட்டே போகும், வாயால சொல்லவே முடியாது.

ஸ்டெப் 3: எப்படிக் கூப்பிடறது

பேர் சொல்லாதீங்க. வீட்டம்மாவ "ஆயி", வீட்டுக்காரர "ஷூஷூ", பாட்டிய "நைநை". ஆயின்னா அங்க ஆன்ட்டி. நம்ம ஊர்ல ஆயின்னா ஒண்ணு மாரியாத்தா, இல்ல கைக்குழந்தை சமாச்சாரம், முதல் ரெண்டு நாள் சிரிக்காம கூப்பிடறதுக்கே பாடுபட்டேன்.

செருப்பு: வாசல்ல குடுக்கறது வேற, பாத்ரூமுக்கு வேற. மாத்திப் போட்டா பாட்டி பார்வையாலயே சொல்லிடுவாங்க.

ஸ்டெப் 4: சாப்பாடு

நான் மாட்டுக்கறி சாப்பிட மாட்டேன். "பூ ச்சி நியோ ரோ"ன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போய் முதல் நாளே ஆயிகிட்ட சொல்லிட்டேன், அவங்களும் பாவம் அன்னையில இருந்து கோழி, பன்னிக்கறி, டோஃபு (சோயா பன்னீர்)ன்னே சமைச்சாங்க. ரெண்டாவது வாரம் வீட்டுலயே ஹாட்பாட், அதாவது நடுவுல கொதிக்கற சூப்புல காய், கறி போட்டு வேகவச்சு எல்லாரும் சேர்ந்து சாப்பிடறது. பாக்கெட்டப் பிரிச்சு செங்கட்டி மாதிரி ஒரு சிவப்புக் கட்டிய சட்டியில போட்டாங்க, மிளகாயும் சிச்சுவான் மிளகும் சேர்ந்து வீடே மணக்குது. சும்மா இருக்காம பாக்கெட்ட டிரான்ஸ்லேட் ஆப்ல காட்டினேன், "வெண்ணெய்"னு வந்துச்சு. வெண்ணெய்தானேன்னு நல்லா வெளுத்துக் கட்டினேன்.

மறுநாள் வீட்டுப் பொண்ணு சொல்லித்தான் தெரியும், "நியோ யோ"ன்னா சிச்சுவான்ல மாட்டுக்கொழுப்பு. ஆயி மேல தப்பே இல்ல, நான் கறி வேணாம்னுதான் சொன்னேன், கொழுப்பு வேணாம்னு சொல்லலையே!

அதனால கறிய மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க, கொழுப்பு, எலும்பு சூப்பு எல்லாத்தையும் சேர்த்து சீனத்துல எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க. ஹாட்பாட்டுக்கு "ச்சிங் யோ"ன்னு போட்ட பாக்கெட் கேளுங்க, அது தாவர எண்ணெய்.

அப்டேட்: சைவக்காரங்க ரெண்டு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. "வோ ச்சி சூ"ன்னா நான் சைவம்னு அர்த்தம், ஆனா மாப்போ டோஃபுலயும் பீன்ஸ் வறுவல்லயும் கொத்துக்கறி தூவியிருக்கும், கண்ண நல்லாத் திறந்து பாருங்க. ஹாட்பாட்ல காரமில்லாத வெள்ளை சூப்பும் பெரும்பாலும் எலும்பு சூப்புதான், காளான் சூப்பு கேளுங்க.

இன்னொருத்தர் கிஃப்டா சுவர்க்கடிகாரம் வாங்கிட்டாராம். ஐயா, திருப்பிக் குடுத்துடுங்க, கடிகாரம் குடுக்கறதும் சாகறவங்களுக்குக் கடைசி வரைக்கும் கூட இருந்து அனுப்பி வைக்கறதும் அவங்க பாஷையில ஒரே உச்சரிப்பு. நான் சுங்குடி சேலை குடுத்தேன். ஆயி பிரிச்சுக்கூட பார்க்காம உள்ள வச்சுட்டாங்க, மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. குடுத்தவங்க முன்னாடி பிரிக்க மாட்டாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா அது டிவி மேல விரிச்சிருக்கு.