முகவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு

இலக்கிய முகவரிடமிருந்து மறுப்பு வந்தால், அன்றைக்குப் பதில் எழுதாதீர்கள். கதைக் கோப்பைத் திறந்து திருத்தவும் செய்யாதீர்கள். மின்னஞ்சலை மூடிவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். நான் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். குழந்தைகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதை எழுதுகிறேன். ஆங்கிலக் கதையை அனுப்பும் முகவர்கள் இருக்கும் லண்டனில் அலுவலக நேரம் என்பது நமக்குப் பிற்பகலும் இரவும். அதனால் அங்கிருந்து வரும் கடிதம் பெரும்பாலும் நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் வந்து விழும். இரவில் படித்த மறுப்பு விடியும்வரை தூங்க விடாது. கதைக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொண்டு, கடை வேலை முடிந்த பிறகு பகலில் மட்டும் அதைத் திறக்கிறேன். இந்த ஒரு பழக்கம் என்னை எவ்வளவோ காப்பாற்றியிருக்கிறது.

அடுத்தது, மறுத்தவர் யார், அவருடைய தொழில் என்ன என்று தெரிந்துகொள்வது. முகவர் உங்கள் கைப்பிரதியைப் பதிப்பகத்திடம் விற்றுத் தருபவர். விற்றால்தான் அவருக்கு வருமானம்: உள்நாட்டு விற்பனை என்றால் பெரும்பாலும் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை என்றால் 20 சதவீதம். எங்கள் மார்க்கெட்டில் ஒரு கமிஷன்காரருக்கு வாடிக்கை எல்லாம் மாலை கட்டுபவர்களாக இருந்தால், சென்ட் ஆலைக்குப் போக வேண்டிய பூவை அவர் எடுக்க மாட்டார். அதனால் பூ மட்டம் என்று ஆகிவிடாது. முகவரின் மறுப்பையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அதிலும் படப் புத்தகத்தில் ராயல்டி, அதாவது விற்பனையில் கிடைக்கும் பங்கு, எழுதியவருக்கும் ஓவியருக்கும் பிரிந்துபோகிறது. எழுத்தை மட்டும் அனுப்புகிறவரின் பங்கில் முகவருக்குக் கிடைப்பது சிறிய தொகை. ஆகவே, தானே வரையவும் தெரிந்தவர்களின் படப் புத்தகங்களை மட்டும் பார்க்கிற முகவர்கள் உண்டு. அனுப்புவதற்கு முன் அவருடைய பக்கத்தில் இதைப் பார்த்துவிட்டால் ஒரு மறுப்பு குறையும். கதையைப் படிக்கவே கட்டணம் கேட்கிறவரை முகவராக எண்ண வேண்டாம், அவரிடம் எதையும் அனுப்பவும் வேண்டாம்.

எல்லா மறுப்பும் ஒன்றல்ல. பதிலே வராதது ஒரு வகை. "இத்தனை வாரத்துக்குள் பதில் இல்லையென்றால் விருப்பம் இல்லை என்று கொள்ளுங்கள்" என்று பலர் முன்கூட்டியே எழுதியிருப்பார்கள். அந்தத் தேதியை நோட்டில் குறித்துக்கொண்டு, கடந்ததும் அடித்துவிடுங்கள். எல்லோருக்கும் போகிற பொதுக் கடிதம் இன்னொரு வகை. "எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்ற வரியை அலசி அலசி அர்த்தம் தேடுவது வீண். அதில் உங்கள் கதையைப் பற்றி ஒன்றுமே இல்லை. மூன்றாவது வகைதான் அருமையானது: உங்கள் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, ஒரு காரணமும் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு மட்டும், மறுநாள், இரண்டு வரியில் நன்றி எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அச்செடுத்து நோட்டில் ஒட்டிவையுங்கள்.

அப்படி எனக்கு ஒரு கடிதம் வந்தது. கதை சித்திரைத் திருவிழா பற்றியது. வைகையில் இறங்கும் அழகர் மீது தோல் பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் அடியார்களைப் பார்த்து, தானும் பீய்ச்ச வேண்டும் என்று ஆசைப்படும் பாண்டியம்மா என்ற சிறுமியின் கதை. "சூழல் எங்கள் வாசகர்களுக்குப் பழக்கமில்லாதது" என்று முகவர் எழுதியிருந்தார். இப்படி ஒரு வரி வந்தால் நம்மில் பலருக்குத் தோன்றுவது, திருவிழாவை எடுத்துவிட்டு ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஓர் ஆறு என்று மாற்றிவிடுவது. அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அழகர்கோவிலிலிருந்து அழகர் புறப்பட்டு வரும் ஊரில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஆற்றைத் தராமல் வேறு எதைத் தரப்போகிறோம்? முகவர் சொன்ன காரணத்தை அப்படியே ஏற்காமல், அவர் எந்த இடத்தில் கதையை விட்டு வெளியே போயிருப்பார் என்று தேடுங்கள்.

அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளை விட்டால் ஆள் இல்லை. ஆனால் சொந்தப் பிள்ளையிடமும் அக்காள் தங்கை பிள்ளைகளிடமும் கேட்டால் பயன் குறைவு. நம் முகத்தைப் பார்த்தே "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். செல்லூரில் எங்கள் தெருப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை மாலை திண்ணையில் உட்காரவைத்து, மற்றக் கதைகளுக்கு நடுவே என் கதையையும் படிக்கிறேன். யார் எழுதியது என்று சொல்வதில்லை. படமும் காட்டுவதில்லை. ஒரு கையில் பென்சில் இருக்கும். எந்த வரியில் பிள்ளையின் கண் தெருவுக்குப் போகிறதோ, எந்த வரியில் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளத் தொடங்குகிறதோ, அங்கே ஒரு புள்ளி. குறுக்கே கேட்கும் கேள்வியை ஓரத்தில் எழுதிக்கொள்வேன். பாண்டியம்மா கதையில் ஒரு சிறுவன், "அத்தை, அந்தப் பை எவ்வளவு கனம்?" என்று கேட்டான். அழகரின் பயணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு, தண்ணீர் நிரம்பிய பையைத் தூக்க முடியாமல் தடுமாறும் சிறுமியிலிருந்து கதை தொடங்குகிறது. திருவிழா அவளைச் சுற்றித் தானாக விரிகிறது. ஒரு வரிகூட விளக்கம் இல்லை.

இதைவிடக் கறாரான சோதனை அடுத்த வாரம் நடக்கும். கதையை மறுபடி படிக்காமல், பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதுதான் உங்கள் கதை. அவர்கள் விட்டுவிட்டவற்றில் நீங்கள் ஆசை ஆசையாக எழுதிய வருணனை இருக்கும், வலித்தாலும் வெட்டலாம். படப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், எழுத்து ஐந்நூறு சொற்களுக்குள் இருந்தால் நல்லது. வெட்டிய வரி வேறொரு கதைக்கு உதவும்.

ஒவ்வொரு மறுப்புக்கும் கதையை மாற்றிக்கொண்டே இருந்தால் கடைசியில் அது யாருடைய கதையாகவும் இருக்காது. தொடர்பில்லாத இரண்டு பேர் ஒரே குறையைச் சொன்னால் அல்லது திண்ணையில் அதே இடத்தில் புள்ளி விழுந்தால் திருத்துங்கள். இதற்காகவே எல்லா முகவர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடாமல் ஐந்தாறு பேராக அனுப்புங்கள். ஒருமுறை மறுத்தவர் அதே கதையை மறுபடி பார்ப்பது அரிது.

முகவர் கதவு மூடினால் தமிழ்க் கதவு மூடிவிடாது. முகவர் என்பது பெரும்பாலும் ஆங்கிலப் பதிப்புலகத்தின் ஏற்பாடு. தமிழில் நாம் பதிப்பகத்துக்கு நேராகவே எழுதுகிறோம். சென்னையில் தூலிகா பல இந்திய மொழிகளில் படப் புத்தகம் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் சிறுவர் நூல்கள் வெளியிடுகிறது. சாகித்ய அகாதெமி 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருதைக் கொடுத்துவருகிறது, தமிழுக்கும் உண்டு. 2015-இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நாமே கதையை ஏற்றலாம். ஆனால் அது திறந்த உரிமம், பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். முகவரிடம் சுற்றிக்கொண்டிருக்கும் கதையை அங்கே ஏற்றாதீர்கள். தமிழ்ப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது தமிழ் உரிமையை மட்டும் கொடுத்து, ஆங்கிலத்தையும் பிற மொழிகளையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்கிறவர் செய்வது அச்சக வேலை. அதைத் தெரிந்துகொண்டு, தேவை என்றால் செய்யலாம்.

வீட்டிலும் உறவிலும் "புத்தகம் இன்னும் வரவில்லையா?" என்று கேட்பார்கள். மறுப்பைவிட இந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கும். ஒவ்வொரு மறுப்பையும் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எழுதுகிற ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், அவருடைய மறுப்பையும் கேளுங்கள். புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. மனம் சோர்ந்த வாரத்தில் அங்கே போய், சமீபத்தில் வந்த புத்தகங்களில் முதல் பக்கத்தை மட்டும் வரிசையாகப் படிக்கிறேன். பொறாமை வந்தால், எந்த வரியில் வந்தது என்று குறித்துக்கொள்கிறேன்.

இதற்கிடையில் அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள். "அடுத்து எழுதுவதை அனுப்புங்கள்" என்று ஒரு முகவர் எழுதியிருந்தால் அது மரியாதைக்குச் சொன்னதல்ல. விருப்பம் இல்லாத ஒருவர் கூடுதல் மின்னஞ்சலை வரவழைத்துக்கொள்ள மாட்டார். புதிய கதை திண்ணைச் சோதனையைத் தாண்டியதும் அவருக்கே முதலில் அனுப்புங்கள். கடிதத்தின் முதல் வரியில் பழைய கதையின் பெயரையும், அவர் கேட்டிருந்ததையும், எந்த மாதம் கேட்டார் என்பதையும் எழுதுங்கள்.