ஒற்றைத் தலைவலிக்கு ஒரு மின்பதிவேடு: கைப்பேசியில் நாமே உருவாக்கும் முறை

"மாதத்தில் எத்தனை நாட்கள் தலை வலிக்கிறது? அவற்றில் எத்தனை நாட்கள் மாத்திரை போடுகிறீர்கள்?" ஒற்றைத் தலைவலிக்காக மருத்துவரிடம் செல்பவர்கள் அநேகமாக எதிர்கொள்ளும் கேள்வி இது. "ஐந்தாறு நாள் இருக்கும், டாக்டர்" என்றே பல ஆண்டுகள் நான் பதில் சொல்லி வந்தேன். மூன்று மாதங்கள் நாள்தோறும் குறித்து வைத்தபோதுதான், வலி வந்த நாட்கள் மாதத்திற்குப் பதினொன்று என்பதும், அவற்றில் ஒன்பது நாட்கள் மாத்திரை போட்டிருக்கிறேன் என்பதும் தெரிந்தன. அந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே என் சிகிச்சை மாறியது. அத்தகைய பதிவேட்டை, கேள்விப் படிவம் தயாரிக்க உதவும் கட்டணமில்லாத இணையக் கருவியான கூகுள் ஃபார்ம்ஸைக் கொண்டு உருவாக்குவதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன்

உங்களுக்கு இருப்பது ஒற்றைத் தலைவலிதான் என்று மருத்துவர் ஒருமுறையாவது உறுதிசெய்திருக்க வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிப்பதும், துடிப்பது போல் வலிப்பதும், படியேறினாலே கூடுவதும், குமட்டலோ வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத நிலையோ உடன் வருவதும் இதன் வழக்கமான அடையாளங்கள். ஆனால் இடிவிழுந்தாற்போல ஒரே நிமிடத்தில் உச்சத்தை எட்டும் வலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், தலையில் அடிபட்ட பின் வரும் வலி ஆகியவை பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியவை அல்ல. உடனே 108-ஐ அழைக்க வேண்டியவை. ஐம்பது வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் படி: படிவம்

கணினியிலோ கைப்பேசி உலாவியிலோ உங்கள் கூகுள் கணக்கின் வழியாக கூகுள் ஃபார்ம்ஸைத் திறந்து, வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரேன் பட்டி (Migraine Buddy) போன்று இதற்கென்றே உருவான செயலிகளும் இருக்கின்றன, பிடித்தால் பயன்படுத்தலாம். நான் சொந்தப் படிவத்தையே விரும்புவதற்குக் காரணம், கேள்விகளை நம் தமிழில், நமக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதுதான். வலி இருக்கும் நேரத்தில் திரையின் வெளிச்சமே ஊசியாய்க் குத்தும் என்பதால், அரை நிமிடத்தில் நிரப்ப முடியாத படிவம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஆறு கேள்விகள் போதும். தேதி முதல் கேள்வி. அடுத்து வலியின் அளவு: இல்லை, லேசு, நடுத்தரம், வேலை செய்ய விடாத அளவு. வலி எத்தனை மணி நேரம் இருந்தது என்பது மூன்றாவது. நான்காவதாக, என்ன மாத்திரை, எத்தனை. ஐந்தாவது கேள்வியில் குமட்டல், வெளிச்சக் கூச்சம், கண்முன் மின்னல் கோடுகள், மாதவிடாய், தூக்கக் குறைவு, சாப்பிடத் தாமதம் ஆகியவற்றைத் தேர்வுப் பெட்டிகளாக வையுங்கள். கடைசியாக, ஒரு வரி எழுத இடம். எழுதுவதற்குப் பதிலாகத் தொட்டுத் தேர்ந்தெடுக்கும்படி எவ்வளவு கேள்விகளை அமைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

படிவத்தை வெளியிட்டு, பதில்கள் பகுதியில் அதை கூகுள் ஷீட்ஸ் என்ற விரிதாளுடன் இணையுங்கள். இனி நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பதிலும் விரிதாளில் ஒரு வரியாகத் தானே சேரும். படிவத்தின் இணைப்பைக் கைப்பேசியின் முகப்புத் திரையில் குறுக்குவழியாக வைத்துக்கொண்டு, படுக்கப்போகும் நேரத்துக்கு ஓர் அலாரம் வையுங்கள். விரிதாளை வேறு யாருடனும் பகிர வேண்டாம். அது உங்கள் உடல்நலக் குறிப்பு.

இரண்டாம் படி: வலி இல்லாத நாளையும் நிரப்புவது

பலர் தவறவிடுவது இதைத்தான். காலை உணவைத் தவிர்த்த மூன்று நாட்களில் தலை வலித்தது என்று பதிவாகியிருந்தால், அதுவே காரணம் என்று தோன்றும். அதே மாதத்தில் காலை உணவைத் தவிர்த்தும் வலிக்காமல் போன ஒன்பது நாட்கள் பதிவாகியிருந்தால்தான் அந்த முடிவு எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வலி தொடங்குவதற்குச் சில மணி நேரமோ ஓரிரு நாட்களோ முன்பே கொட்டாவி, கழுத்து இறுக்கம், எரிச்சல், இனிப்பின் மேல் ஆசை ஆகியவை சிலருக்கு வரும். அவை நோயின் முதல் கட்டமே. இனிப்புச் சாப்பிட்டதால் வலி வந்தது என்று நாம் நினைப்பது, உண்மையில் வலி வரப்போவதால் இனிப்பைத் தேடியதாக இருக்கலாம். ஆகவே ஒரு மாதப் பதிவை நம்பி உணவு வகைகளை ஒவ்வொன்றாக விலக்கிவிடாதீர்கள் என்று மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் படி: மாதக் கடைசியில் எண்ணுவது

என் அனுபவத்தில் பதிவேட்டின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது. விரிதாளில் அந்த மாதத்தை மட்டும் வடிகட்டி, வலி நாட்களையும் மாத்திரை நாட்களையும் தனித்தனியே எண்ணுங்கள். எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, மாத்திரை போட்ட நாட்களை. ஏற்கெனவே தலைவலி நோய் உள்ள ஒருவர், பாரசிட்டமால், ஐபுபுரோஃபென் போன்ற தனி வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்குத் தரப்படும் டிரிப்டான் வகையையோ, காஃபின் சேர்ந்த கலவை மாத்திரைகளையோ 10 நாட்களோ அதற்கு மேலோ என மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துவந்தால், அந்த மருந்தே தலைவலியை நிலைக்கச் செய்யக்கூடும். கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையின் அட்டையைத் திருப்பி, அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லைக்கு அருகில் இருந்தால், திடீரென நீங்களாகவே நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வலி நாட்கள் தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் மாதத்திற்கு 15 அல்லது அதற்கு அதிகமாக இருப்பதும், அவற்றில் எட்டு நாட்களாவது ஒற்றைத் தலைவலியின் தன்மையோடு இருப்பதும் நாள்பட்ட நிலை எனப்படுகிறது; அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, இணையத்தில் கிடைக்கும் மிடாஸ் என்ற ஐந்து கேள்விப் பட்டியலையும் நிரப்பலாம். வேலை, வீட்டு வேலை, குடும்ப நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் தலைவலியால் இழந்த நாட்களை அது கூட்டிச் சொல்கிறது. கூட்டல் 21-ஐ எட்டினால் பாதிப்பு கடுமையானது.

நான்காம் படி: மருத்துவரிடம் காட்டுவது

முழு விரிதாளையும் நீட்டாமல், மூன்று மாதங்களின் வலி நாட்கள், மாத்திரை நாட்கள், மருந்துகளின் பெயர்கள், மிடாஸ் எண் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நேரில் செல்ல இயலாதவர்கள் மத்திய அரசின் இலவசத் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் பேசும்போதும் அந்தப் பக்கம் கையில் இருக்கட்டும். கண்முன் மின்னல் கோடுகள் தோன்றுவதாகக் குறித்திருக்கும் பெண்கள், கருத்தடை மாத்திரை எடுப்பதாக இருந்தால் அதை அவசியம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த வகை அவர்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

வலி வராமலே தடுக்கும் தடுப்பு மருந்து எழுதித் தரப்பட்டால், படிவத்தை நிரப்புவதை நிறுத்திவிடாதீர்கள். சரியான அளவை எட்டிய பிறகு எட்டு வாரங்களாவது எடுத்தால்தான் பல வாய்வழித் தடுப்பு மருந்துகளின் பலனை மதிப்பிட முடியும். மாதத்திற்குப் பத்தாக இருந்த வலி நாட்கள் ஐந்தாகக் குறைந்தாலே அது நல்ல பலன். முந்தைய மாதங்களின் எண்கள் கையில் இருந்தால் அந்த வித்தியாசத்தை நீங்களே கண்டுகொள்ளலாம்.