நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரின் பிறந்த ஊரைக் கண்டறியும் முறை

1860 முதல் 1911 வரை 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவோ கொள்ளுப்பாட்டியோ அவர்களுள் ஒருவர் என்றால், அவர் பிறந்த ஊரின் பெயர் பெரும்பாலும் எழுத்தில் பதிவாகியிருக்கும்.

தேடலைப் பெயரிலிருந்து தொடங்க வேண்டாம். முனியம்மாக்களும் கோவிந்தன்களும் கப்பலேறியவர்களின் பட்டியல்களில் ஏராளம். கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓர் எண் வழங்கப்பட்டது; வீட்டில் உள்ள பழைய திருமண, பிறப்பு, இறப்புச் சான்றுகளில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எண் கிடைத்ததும் டர்பன் ஆவணக் காப்பகத்திலுள்ள கப்பல் பட்டியலை நாடுங்கள். தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றோடு, இடது முழங்காலில் தழும்பு என்பது போன்ற அங்க அடையாளமும் அதில் ஒரே வரியில் எழுதப்பட்டிருக்கும். புகைப்படமே இல்லாத ஒருவரின் உடலை நாம் காண வாய்க்கும் ஒரே இடம் அந்தக் கட்டமாகவே இருக்கக்கூடும் என்பதால், அதையும் விடாமல் படியெடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊர்ப்பெயரைப் படிப்பது. கடினமான வேலை இதுதான். எழுத்தர் தம் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். வந்தவாசி 'வாண்டிவாஷ்' ஆயிற்று, செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆயிற்று. ஆகவே பெயரை வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்த்து, அதற்கு நெருக்கமாக ஒலிக்கும் ஊர்களையெல்லாம் குறித்துக்கொண்டு, பதிவிலுள்ள தாலுகாவுக்குள் அவற்றைத் தேடுங்கள். புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருப்பதால், தாலுகாவை விட்டால் வழி தவறிவிடும்.

எல்லை மாற்றங்களையும் கவனத்தில் கொள்ளுங்கள். 'வட ஆற்காடு' என்று பதிவாகியிருக்கும் ஊர் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் அல்லது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கலாம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்து, இப்போது ஆந்திரத்திலும் இருக்கலாம். பழைய மாவட்ட விவரங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உதவும்.

இரண்டு மூன்று ஊர்கள் எஞ்சினால் நேரில் செல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய நிலப் பதிவேடுகளைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் நிலமற்றவர்களின் பெயர் அவற்றில் இராது. அத்தகைய குடும்பங்களுக்கு நான் பெரிதும் மதிப்பது குலதெய்வத்தின் பெயரைத்தான். டர்பனில் உங்கள் வீட்டார் தலைமுறைகளாகப் படையலிட்டு வரும் தெய்வத்தின் பெயரைச் சொல்லி, அந்தக் கோயில் எங்கே இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள்.